அம்பாசமுத்திரத்து போன் மும்பையில் இருப்பது எப்படி?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்பாசமுத்திரத்திலிருந்து அம்மா அழைத்தார். வழக்கமான நலம் விசாரிப்பு இல்லை. "என் மெயிலுக்குள் நீ எதற்குப் போனாய்?" என்று எடுத்த எடுப்பில் கேட்டார். அவருடைய போனில் ஓர் எச்சரிக்கை வந்திருந்தது: கணக்கில் புதிய உள்நுழைவு, இடம் மும்பை, மகாராஷ்டிரம். மும்பையில் அவருக்கு இருப்பவன் நான் ஒருவன்தான். ஆகவே குற்றவாளியும் நானேதான். நேரம் என்ன போட்டிருக்கிறது என்று கேட்டேன். காலை 7:12. அந்த நேரத்தில் வீட்டில் என்ன நடந்தது? தங்கை மகள் பாட்டியின் புதிய போனில் மெயிலை ஏற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். மும்பையிலிருந்து உள்ளே நுழைந்த அந்த ஆசாமி அம்மாவேதான், ஆற்றங்கரைத் தெரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தபடி.

"முழங்கால் வலியென்று மூன்று வருடமாக நீ கூப்பிட்டும் வராதவள் நான். இந்த போன் டிக்கெட் இல்லாமலே கூட்டிக்கொண்டு போய்விட்டதாக்கும்" என்று சொல்லிவிட்டு அவர் சமாதானமாகிவிட்டார். விளக்கம் சொல்லி முடிக்காத குறை எனக்குத்தான். நவி மும்பையில் ஒரு நடுத்தர பிராட்பேண்ட் நிறுவனத்தின் நெட்வொர்க் பிரிவில் வேலை பார்க்கிறேன். எந்த இணைய எண் எந்த ஊரில் 'இருக்கிறது' என்ற வழக்கு வாரத்துக்கு ஒன்றாவது என் மேசைக்கு வந்துவிடும். அம்மாவிடம் சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன்.

ஐபி முகவரி என்று அதற்குப் பெயர் வைத்ததிலேயே குழப்பம் தொடங்குகிறது. நான் குடியிருக்கும் செம்பூரின் பின்கோடு 400071. முதல் இலக்கம் 4 என்றதுமே நாட்டின் மேற்குப் பக்கம் என்று தபால்காரர்களுக்குத் தெரியும். 400 என்றால் மும்பை. தரைவழித் தொலைபேசியிலும் அப்படித்தான்: 022 மும்பை, 04634 அம்பாசமுத்திரம். எண்ணுக்குள்ளேயே ஊர் உட்கார்ந்திருக்கிறது. ஐபி எண்ணுக்குள் எந்த ஊரும் இல்லை. ஐபிவி4 எனப்படும் பழைய வகை வெறும் முப்பத்திரண்டு பிட் நீளமுள்ள எண். மொத்தமே 429 கோடி எண்கள்தான் சாத்தியம். படிக்க வசதியாக அதை நான்காக உடைத்து நடுவில் புள்ளி வைக்கிறோம், அவ்வளவுதான். 49-இல் தொடங்கும் எண்களும் 50-இல் தொடங்கும் எண்களும் அடுத்தடுத்த வீடுகள் அல்ல. முதல் தொகுதி ஆசிய-பசிபிக் வட்டாரத்துக்கும் அடுத்தது வட அமெரிக்காவுக்கும் பிரித்துக் கொடுக்கப்பட்டவை.

பிரித்துக் கொடுக்கும் வழி இப்படி. உலகத்துக்கெல்லாம் மேலே ஐயானா என்ற அமைப்பு. அதன் கீழே ஐந்து வட்டாரப் பதிவகங்கள். நம் பக்கத்துக்கு ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் இருக்கும் ஏப்னிக். அதன் கீழே, 2012 முதல், இந்தியாவுக்கென்று ஐரின் என்ற பதிவகம். டெல்லியைத் தலைமையிடமாகக் கொண்ட நிக்சி அதை நடத்துகிறது. அங்கிருந்து எங்களைப் போன்ற நிறுவனங்களுக்கு மொத்தமாக எண்கள் வருகின்றன. நாங்கள் சில்லறையாக வாடிக்கையாளர்களுக்குக் கொடுக்கிறோம். ஒவ்வொரு படியிலும் பதிவேட்டில் எழுதப்படுவது, இந்தத் தொகுதியை வாங்கியவர் யார், அவருடைய அலுவலகம் எங்கே, நாட்டுக் குறியீடு என்ன என்பவைதான். அந்த எண்ணை எந்தத் தெருவில், எந்த வீட்டில் பயன்படுத்துகிறார்கள் என்று அங்கே யாரும் எழுதுவதில்லை.

தாராவியில் சொந்தம் இருப்பவர்களுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. என் பெரியப்பா அங்கே தோல் பட்டறையில் நாற்பது ஆண்டு உழைத்தார். பிள்ளைகள் பிறந்தது, படித்தது, கல்யாணமானது எல்லாம் தொண்ணூறு அடிச் சாலையைச் சுற்றித்தான். ரேஷன் கார்டு மட்டும் கடைசி வரை திருநெல்வேலி மாவட்டத்தில். கார்டைப் பார்த்து ஆளைத் தேடிப் போயிருந்தால் பூட்டிய வீட்டைத்தான் பார்த்திருப்பீர்கள். ஐபி பதிவேடும் ரேஷன் கார்டும் ஒரே ரகம். பொய் இல்லை. ஆனால் அது சொல்வது வேறு, நாம் கேட்பது வேறு.

ரேஷன் கார்டு இன்னொருவர் கைக்கு மாறாது. ஐபி எண் மாறும். ஐயானாவின் கையிருப்பு 2011 பிப்ரவரி 3 அன்று தீர்ந்தது. அதே ஏப்ரலில் ஏப்னிக் தன் கடைசித் தொகுதியைத் தொட்டு, பங்கீட்டு முறைக்குப் போய்விட்டது. அன்றிலிருந்து பழைய ஐபிவி4 எண்களுக்கு ஒரு சந்தையே உருவாகிவிட்டது. ஓர் எண்ணுக்குச் சில பத்து டாலர் விலை. தரகர்கள் உண்டு, வாடகைக்கும் கிடைக்கும். மனை விற்பனை போலத்தான், ஒரு வித்தியாசம்: மனை இருந்த இடத்திலேயே இருக்கும், எண் கண்டம் விட்டுக் கண்டம் தாவும்.

சென்ற டிசம்பரில் எங்கள் நிறுவனமும் ஒரு தரகர் வழியாக 1,024 எண்களை வாடகைக்கு எடுத்தது. அதுவரை ருமேனியாவில் யாரோ பயன்படுத்திய எண்கள். ஒரு வியாழன் இரவு அவற்றை மாட்டுங்கா பகுதிக்கு ஒதுக்கினோம். வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குள் பதினேழு புகார்கள். அதில் ஒருவர் கிங்ஸ் சர்க்கிள் பக்கம் குடியிருக்கும் எண்பது வயதுத் தமிழர். வாடிக்கையாளர் சேவையில் இந்தியில் பேசிச் சலித்து, தமிழ் தெரிந்த யாராவது இருக்கிறார்களா என்று கேட்டு, அழைப்பு என்னிடம் வந்தது. கிரிக்கெட் பார்க்கக் காசு கட்டி வைத்திருக்கிறார். செயலியோ, உங்கள் நாட்டில் இந்தச் சேவை இல்லை என்கிறது.

"லிஃப்ட் பழுதானதிலிருந்து நான் வாசலுக்கே இறங்கவில்லை தம்பி. என்னை எந்த நாட்டுக்கு அனுப்பினீர்கள்?" என்றார்.

"ருமேனியா, மாமா."

"அங்கே கிரிக்கெட் உண்டா?"

மாமாவின் வீட்டிலும் கோளாறு இல்லை, செயலியிலும் இல்லை. விளையாட்டைக் காட்டும் நிறுவனத்துக்கு ஒளிபரப்பு உரிமை நாடுவாரியாகத்தான் கிடைக்கிறது. பார்ப்பவர் எந்த நாடு என்று தெரிந்துகொள்ள அது ஏதோ ஒரு தரவுத்தளத்தைக் கேட்கிறது. உலகில் இப்படிப்பட்ட தரவுத்தளங்களை விற்கும் நிறுவனங்கள் பல. ஒவ்வொன்றுக்கும் தனிக் கணக்கு, தனிப் பழக்கம். அவற்றில் ஒன்று அந்த 1,024 எண்களை இன்னும் புகாரெஸ்ட்டில் வைத்திருந்தது.

அந்தத் தரவுத்தளங்கள் ஊரை எப்படித்தான் கண்டுபிடிக்கின்றன? இந்தக் கேள்வி முதன்முதலில் பெரிய அளவில் நீதிமன்றப் படியேறியது 2000-இல், பாரீசில். யாகூவின் ஏலத் தளத்தில் நாஜிச் சின்னங்கள் விற்பனைக்கு இருந்தன. பிரெஞ்சு மக்களுக்கு அவற்றைக் காட்டக் கூடாது என்று வழக்கு. யார் பிரான்சிலிருந்து பார்க்கிறார்கள் என்று எங்களால் எப்படிச் சொல்ல முடியும் என்றது யாகூ. நீதிபதி மூன்று வல்லுநர்களைக் கேட்டார். அவர்களில் ஒருவர் இணையத்தின் அடிப்படை நெறிமுறையை வடித்தவர்களில் ஒருவரான விண்ட் செர்ஃப். பிரெஞ்சுப் பயனர்களில் சுமார் 70 சதவீதம் பேரை ஐபி எண்ணை வைத்தே பிரான்ஸ் என்று சொல்லிவிடலாம் என்பது அவர்கள் தந்த மதிப்பீடு. நீதிபதி அந்த நவம்பரில் தடுக்கச் சொல்லி உத்தரவிட்டார். எல்லையே இல்லாதது இணையம் என்று பேசிக்கொண்டிருந்த காலம் அது. அந்தப் பேச்சுக்கு விழுந்த முதல் அடிகளில் இது ஒன்று.

அடுத்த ஆண்டே, ஊர் அளவில் கண்டுபிடிக்கும் வழிகளை ஒழுங்காகச் சோதித்துப் பார்த்த ஆய்வுக் கட்டுரை ஒன்று வந்தது. எழுதியவர்கள் வெங்கட பத்மநாபன், லட்சுமிநாராயணன் சுப்பிரமணியன். முதலாமவர் அப்போது மைக்ரோசாஃப்ட் ஆய்வகத்தில் இருந்தார். பின்னர் அதன் பெங்களூரு கிளைக்கு வந்தார். அவர்கள் அன்று ஆராய்ந்த மூன்று வழிகள்தான் இன்றைக்கும் இந்தத் தொழிலின் எலும்புக்கூடு என்பது என் எண்ணம்: பெயரை வைத்து ஊகிப்பது, தாமதத்தை அளந்து ஊகிப்பது, சிலருக்குத் தெரிந்த இடத்தை வைத்து அவர்கள் கூட்டத்துக்கே ஊகிப்பது.

பெயர் வழி சுவாரசியமானது. தகவலை வழிகாட்டி அனுப்பும் பெட்டிகளான நெடுந்தூர ரவுட்டர்களுக்குப் பொறியாளர்கள் தங்கள் வசதிக்காகப் பெயர் சூட்டுவார்கள். பெயருக்குள் பெரும்பாலும் விமான நிலையத்தின் மூன்றெழுத்துக் குறியீடு இருக்கும். மும்பைக்கு பிஓஎம், சென்னைக்கு எம்ஏஏ, பெங்களூருவுக்கு பிஎல்ஆர். நகரத்தின் பெயர் 1995-இல் மும்பையாகிவிட்டது; ரவுட்டர்களில் அது இன்னமும் பம்பாய்தான். ட்ரேஸ்ரூட் என்ற சின்ன நிரலை ஓட்டினால் தகவல் எந்தெந்த ரவுட்டர் வழியாகப் போகிறது என்று வரிசையாக வரும். கடைசி ரவுட்டரின் பெயரில் எம்ஏஏ இருந்தால், அதற்கு அடுத்திருக்கும் வீடும் சென்னைப் பக்கம்தான் என்று ஊகிக்கலாம். பெயர் வைத்த பொறியாளர் வேலையை விட்டுப் போய், ரவுட்டரை வேறு ஊருக்கு மாற்றி, பெயரை மாற்ற மறந்திருந்தால் ஊகம் கவிழும். மறப்பது அரிதல்ல, நானே மறந்திருக்கிறேன்.

தாமத வழி எனக்குப் பிடித்தது, ஏனென்றால் அதில் யாருடைய வாய்ச்சொல்லையும் நம்ப வேண்டியதில்லை. மின்னலுக்குப் பிறகு இடி கேட்கும்வரை எண்ணி, மழை எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று சொல்வார்களே, அதே கணக்கு. வெற்றிடத்தில் ஒளி நொடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர் ஓடும். கண்ணாடி இழைக்குள் ஏறக்குறைய 2 லட்சம்தான். ஆகவே ஒரு தகவல் போய்த் திரும்ப ஒரு மில்லிநொடி ஆனால், எதிராளி அதிகபட்சம் 100 கிலோமீட்டரில் இருக்கிறார். அதைத் தாண்டி இருக்கவே முடியாது. இயற்பியல் லஞ்சம் வாங்காது.

ஒரு நாள் இரவு, சென்னையிலிருந்து வெளிவரும் ஒரு செய்தித் தளத்தின் சர்வரை செம்பூர் வீட்டிலிருந்து பிங் செய்தேன்; அதாவது ஒரு சின்னத் தகவலை அனுப்பி, பதில் வர ஆகும் நேரத்தை அளந்தேன். மும்பையிலிருந்து சென்னை நேர்க்கோட்டில் ஆயிரம் கிலோமீட்டருக்குச் சற்று மேல். ரயில் பாதையில் புணே, சோலாப்பூர், குண்டக்கல் என்று சுற்றினால் ஏறக்குறைய 1,280. இழைகள் பறவை போல நேராகப் போவதில்லை. தண்டவாளத்தையும் நெடுஞ்சாலையையும் ஒட்டித்தான் புதைந்திருக்கின்றன. எப்படிப் பார்த்தாலும் சென்னைக்குப் போய்வர 10 மில்லிநொடிக்குக் குறையாது. ரயில் பாதையை ஒட்டிப் போனால் 13-ஐ நெருங்கும். எனக்கு வந்த பதில் 4 மில்லிநொடி. அப்படியானால் அந்த 'சென்னை' சர்வர் என்னிடமிருந்து 400 கிலோமீட்டருக்குள் இருக்கிறது. பக்கங்களின் நகலை ஊருக்கு ஊர் வைத்துப் பரிமாறும் நிறுவனம் ஒன்று மும்பையில் வைத்திருக்கும் பெட்டிதான் எனக்குப் பதில் சொன்னது.

இதையே பல ஊர்களிலிருந்து செய்தால் வட்டங்கள் கிடைக்கும். ஓர் உதாரணக் கணக்கு: ஊர் தெரியாத ஒரு பெட்டி மும்பைக்கு 9, பெங்களூருவுக்கு 6.5, சென்னைக்கு 7 மில்லிநொடியில் பதில் தருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முறையே 900, 650, 700 கிலோமீட்டர் வட்டம் போடுங்கள். மூன்றும் கூடும் இடத்தில் பெங்களூருவும் விழும், ஹைதராபாத்தும் விழும். நான்காவதாக டெல்லியைக் கேட்கிறோம், 14 மில்லிநொடி. 1,400 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் பெங்களூரு கழன்றுவிடுகிறது, ஹைதராபாத் நிற்கிறது. இப்படி அளப்பதற்கென்றே உலகமெங்கும் தன்னார்வலர்களின் வீடுகளில் சின்னச் சின்னக் கருவிகளை வைத்திருக்கும் ரைப் அட்லஸ் என்ற வலை 2010 முதல் இயங்குகிறது; இப்போது பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட கருவிகள்.

குறை ஒன்று உண்டு. குறைந்த தாமதம் அருகில் இருப்பதை நிரூபிக்கும். அதிகத் தாமதம் எதையும் நிரூபிக்காது. வழி சுற்றாக இருக்கலாம், நெரிசலாக இருக்கலாம். ஒரு காலத்தில் இந்தியாவுக்குள் ஒரு நிறுவனத்திலிருந்து இன்னொரு நிறுவனத்துக்குப் போகும் தகவல் வெளிநாடு போய்த் திரும்பி வந்ததுண்டு; அதைத் தவிர்க்க, நிறுவனங்கள் நாட்டுக்குள்ளேயே தகவலை மாற்றிக்கொள்ளும் இடமாகத்தான் 2003-இல் நிக்சி தொடங்கப்பட்டது. இன்றும் எப்போதாவது, செம்பூரிலிருந்து அந்தேரிக்குப் போக வேண்டிய தகவல் சிங்கப்பூரைப் பார்த்துவிட்டு வருவதை என் திரையில் கண்டு தலையில் அடித்துக்கொள்வேன்.

மூன்றாவது வழி கூட்டத்தை வைத்துத் தனியாளை ஊகிப்பது. ஒரு தொகுதியில் உள்ள 256 எண்களில் நாற்பது பேர் தங்கள் ஊர் முலுண்ட் என்று எங்கோ ஒரு தளத்தில் நிரப்பியிருந்தால், மீதிப் பேரும் முலுண்ட் என்று எழுதிவிடுவார்கள். இன்று போன்கள் அந்த வேலையை இன்னும் எளிதாக்கிவிட்டன. இருப்பிட அனுமதி பெற்ற செயலிக்கு ஜிபிஎஸ் புள்ளியும் தெரியும், அந்த நொடியின் ஐபி எண்ணும் தெரியும். இரண்டையும் சேர்த்துப் பார்ப்பது கஷ்டமில்லை. பலர் இவ்விரண்டையும் ஒன்றென்று நினைக்கிறார்கள். வரைபடச் செயலி உங்கள் வாசல்வரை வழி சொல்வது ஜிபிஎஸ்ஸாலும், சுற்றியிருக்கும் வைஃபை பெட்டிகள், டவர்களின் அடையாளங்களாலும்; ஐபி எண்ணால் அல்ல. செயற்கைக்கோள் பார்ப்பது வேறு, பதிவேட்டைப் புரட்டுவது வேறு.

இனி அம்மாவின் போனுக்கு வருவோம். அவருடைய போன் முதலில் அம்பாசமுத்திரத்து டவரோடு பேசுகிறது. டவர் நேராக இணையத்துக்குப் போவதில்லை. தொலைபேசி நிறுவனத்தின் உள்வலை வழியாக, பெருநகரம் ஒன்றில் இருக்கும் கேட்வே வரை போய், அங்கேதான் பொது இணையத்தில் தலைகாட்டுகிறது. நாடு முழுவதற்கும் இப்படிச் சில வாசல்களே. வெளியே தெரியும் ஐபி எண் அந்த வாசலுடையது. அன்று காலை அம்மாவின் தகவல் வெளியேறிய வாசல் மும்பையுடையது என்று தரவுத்தளம் எழுதி வைத்திருந்தது. உண்மையில் அது சென்னையில் இருந்து, நிறுவனத்தின் தலைமையகத்தைப் பார்த்து மும்பை என்று எழுதியிருக்கவும் வாய்ப்பு உண்டு.

போதாததற்கு, அந்த எண் அம்மாவுக்கு மட்டும் உரியதும் அல்ல. எண் தட்டுப்பாட்டால் ஒரே பொது எண்ணைப் பலருக்குப் பகிர்ந்து கொடுக்கிறோம். உள்ளே ஆளுக்கொரு உள் எண். அதற்கென்றே 2012-இல் 100.64 முதல் 100.127 வரையிலான தொகுதியில் சுமார் 42 லட்சம் எண்கள் தனியாக ஒதுக்கப்பட்டன. மும்பைச் சால் வீடுகள் போலத்தான் இது. மாடிக்கு இருபது அறை, வரிசையாகக் கதவுகள், கீழே எல்லோருக்கும் ஒரே தபால் பெட்டி. கடிதம் யாருக்கு என்று பிரிக்க அறை எண் வேண்டும்; இங்கே அந்த அறை எண்ணுக்குப் போர்ட் என்று பெயர். ஓர் ஐபி எண்ணில் 65,536 போர்ட்கள். ஆளுக்கு ஆயிரம் என்று பங்கிட்டால் அறுபதுக்கும் மேற்பட்ட குடும்பங்கள் ஒரே எண்ணுக்குப் பின்னால் குடியிருக்கலாம்.

இந்த இடத்தில்தான் விளையாட்டு வினையாகிறது. ஐபி எண் இருந்தால் ஆளைப் பிடித்துவிடலாம் என்று சினிமாவில் காட்டுகிறார்கள். அந்த எண்ணை, இந்த நொடியில், இந்தப் போர்ட்டில் வைத்திருந்த வாடிக்கையாளர் யார் என்பது சேவை நிறுவனத்தின் பதிவேட்டில் மட்டும்தான் இருக்கும். அதைக் கேட்கச் சட்டப்படியான வழி உண்டு. கேட்கும்போது எண், போர்ட், நொடி சுத்தமான நேரம், எந்த நாட்டு நேரம் என்ற குறிப்பு எல்லாமே வேண்டும். சர்வர்கள் தங்கள் பதிவுகளில் போர்ட்டையும் சேர்த்து எழுத வேண்டும் என்று 2011-இலேயே இணையப் பொறியாளர்களின் பரிந்துரை வந்தது. எழுதாத சர்வர்கள் இன்றும் ஏராளம். வெளிநாட்டு சர்வர் உலகப் பொது நேரத்தில் எழுதியதை இந்திய நேரமென்று படித்தால் ஐந்தரை மணி நேரம் பிசகும். அந்த ஐந்தரை மணி நேரத்தில் அதே எண் எத்தனையோ கை மாறியிருக்கும்.

2007 ஆகஸ்ட் 31 அன்று பெங்களூருவில் ஒரு மென்பொருள் ஊழியரை புணே போலீஸ் கைது செய்தது. ஆர்குட் என்ற சமூக வலைத்தளத்தில் சத்ரபதி சிவாஜியை இழிவுபடுத்தும் படம் போட்டதாகக் குற்றச்சாட்டு. ஐபி எண்ணை வைத்து இணையச் சேவை நிறுவனம் கொடுத்த வாடிக்கையாளர் விவரம் தவறானது. அவருக்கும் அந்தப் படத்துக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. அது தெரிந்து வெளியே வருவதற்குள் ஐம்பது நாள் சிறையில் கழிந்தது. என் பிரிவுக்கு வரும் ஒவ்வொரு புதுப் பையனுக்கும் முதல் வாரத்திலேயே இந்தக் கதையைச் சொல்லிவிடுவேன். அதற்குப் பிறகு, நேரக் குறிப்பை இரண்டாவது முறை சரிபார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

தவறான ஊரை விடவும் ஆபத்தானது, தெரியாததைத் துல்லியமாகச் சொல்வது. அமெரிக்காவில் மேக்ஸ்மைண்ட் என்ற நிறுவனம் 2002 முதல் இத்தகைய தரவுத்தளத்தை விற்றுவருகிறது. சில எண்களுக்கு அமெரிக்கா என்பதைத் தவிர வேறெதுவும் தெரியாது. ஆனால் நிரலில் அட்சரேகை, தீர்க்கரேகை என்று இரண்டு கட்டங்கள் இருக்கின்றனவே, அவற்றைக் காலியாக விட முடியுமா? நாட்டின் நடுப்புள்ளிக்குக் கிட்டத்தட்ட வரட்டும் என்று 38 பாகை வடக்கு, 97 பாகை மேற்கு என்று முழு எண்ணாகப் போட்டுவிட்டார்கள். அந்தப் புள்ளி கான்சாஸ் மாநிலத்தில் போட்வின் என்ற சிற்றூருக்கு அருகே ஒரு பண்ணை வீட்டின் மேல் விழுந்தது. 60 கோடி ஐபி எண்கள் அந்த ஒரே வீட்டில் 'குடியிருந்தன'. பல ஆண்டுகளாகப் போலீஸ், வரித்துறையினர், தற்கொலை மிரட்டல் விடுத்தவரைத் தேடிவந்த ஆம்புலன்ஸ் என்று ஒருவர் மாற்றி ஒருவர் கதவைத் தட்டினார்கள். ஏன் என்று அந்த வீட்டில் இருந்தவர்களுக்குப் புரியவே இல்லை. 2016-இல் ஒரு பத்திரிகையாளர் காரணத்தைக் கண்டுபிடித்து எழுதிய பிறகு, நிறுவனம் அந்தப் புள்ளியை ஓர் ஏரியின் நடுவுக்கு மாற்றியது. தண்ணீரின் கதவை யாரும் தட்ட மாட்டார்களே.

வரைபடத்தில் குத்திய ஊசிக்கு அப்படி ஒரு பலம். "இந்தியாவில் எங்கோ" என்று எழுதியிருந்தால் யாரும் வண்டியைக் கிளப்ப மாட்டார்கள்; நான்கு தசம இடம் போட்டால் கிளப்பிவிடுவார்கள். நல்ல தரவுத்தளங்கள் இப்போது புள்ளியோடு ஒரு பிழை வட்டத்தையும் கிலோமீட்டரில் தருகின்றன. அந்தக் கட்டத்தை எடுத்துத் திரையில் காட்டும் தளத்தைத்தான் தேட வேண்டியிருக்கிறது.

வேண்டுமென்றே ஊரை மாற்றிக் காட்டுபவர்களும் உண்டு. நம் தகவலை வேறொரு சர்வர் வழியாகச் சுற்றி அனுப்பும் விபிஎன் போட்டால் அதன் சர்வர் இருக்கும் ஊர்தான் வெளியே தெரியும் என்பது பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரிந்த சங்கதி. ஆனால் அந்த சர்வராவது சொன்ன ஊரில் இருக்கிறதா? 2022 ஏப்ரல் 28 அன்று, வாடிக்கையாளர் விவரங்களை ஐந்து ஆண்டு பாதுகாக்க வேண்டும் என்று விபிஎன் நிறுவனங்களுக்கு இந்தியக் கணினி அவசரகாலக் குழு உத்தரவிட்டது. எக்ஸ்பிரஸ்விபிஎன் ஜூன் மாதம் தன் இந்திய சர்வர்களைக் கழற்றிக்கொண்டு போனது. ஆனால் இந்திய ஐபி எண்கள் தொடர்ந்து கிடைக்கும் என்றது. சர்வர்கள் மட்டும் சிங்கப்பூரிலும் பிரிட்டனிலும் இருக்கும். ஊசி இந்தியாவில், பெட்டி சிங்கப்பூரில். எங்கள் அலுவலகத்தில் அன்று இதைப் பற்றிப் பேசியே மதிய உணவு நேரம் போனது. ஒழுங்காக வாடகை கொடுத்த எங்களுக்கு ருமேனியா முத்திரை விழுகிறது. நாட்டை விட்டே போனவர்களுக்கு இந்திய முத்திரை தங்கிவிடுகிறது!

ஒரே எண் பல ஊர்களில் ஒரே நேரத்தில் இருப்பதும் உண்டு. கூகுளின் 8.8.8.8 என்ற எண்ணைத் தரவுத்தளங்கள் அமெரிக்காவில் காட்டும். மும்பையிலிருந்து கலிபோர்னியா 13,000 கிலோமீட்டருக்கு மேல். போய்வரக் குறைந்தது 130 மில்லிநொடி ஆக வேண்டும். செம்பூரில் எனக்கு மூன்றே மில்லிநொடியில் பதில் வருகிறது. உலகின் பல ஊர்களில் இருந்து அதே எண்ணை அறிவித்து, அருகில் இருப்பது பதில் சொல்லட்டும் என்று விட்டிருக்கிறார்கள். அந்த எண்ணிடம் ஊர் எது என்று கேட்பது, பிள்ளையாரிடம் எந்த அரச மரத்தடி என்று கேட்பது போல.

நம் சட்டம் இந்த விஷயத்தில் வல்லுநர்கள் பலரைவிட நிதானமாக நடந்துகொண்டிருக்கிறது. வெளிநாட்டிலிருந்து இணையம் வழியாக விற்கப்படும் சேவைக்கு வரி போட, வாங்கியவர் இந்தியாவில் இருக்கிறாரா என்று தெரிய வேண்டும். 2017-இன் ஒருங்கிணைந்த சரக்கு மற்றும் சேவை வரிச் சட்டம், 13-ஆம் பிரிவில், ஏழு அடையாளங்களை அடுக்குகிறது: கொடுத்த முகவரி, அட்டை வழங்கப்பட்ட நாடு, பில் முகவரி, வங்கி, சிம் கார்டின் நாட்டுக் குறியீடு, தரைவழித் தொலைபேசி, அவற்றோடு ஐபி எண். ஒன்றுக்கொன்று முரண்படாமல் ஏதாவது இரண்டு பொருந்தினால்தான் கணக்கு. ஐபி எண் ஒரு சாட்சி. ஒற்றைச் சாட்சி போதாது.

என்னைக் கேட்டால், நாடு என்ற அளவில் இந்தத் தரவுத்தளங்களைப் பெரும்பாலும் நம்பலாம். வீட்டு பிராட்பேண்ட் என்றால் நகரமும் பல நேரம் சரியாகவே வரும். போனில் நகரம் வெறும் அதிர்ஷ்டம். தெரு, வீடு என்று ஐபி எண்ணை மட்டும் வைத்து யாராவது ஊசி குத்திக் காட்டினால், அவர் ஒன்று அறியாமல் சொல்கிறார், இல்லை எதையோ விற்கிறார். ஐபிவி6 இதையெல்லாம் தீர்த்துவிடும் என்பார்கள். இந்தியாவில் பாதிக்கும் மேற்பட்ட பயன்பாடு அதற்கு மாறிவிட்டது. சால் தபால் பெட்டி போய் ஆளுக்கொரு பெட்டி வந்துவிட்டது உண்மைதான். ஆனாலும் அந்தப் பெட்டி எந்தத் தெருவில் இருக்கிறது என்று எழுதி வைப்பவர் அதே பழைய குமாஸ்தாதான்.

அந்தக் குமாஸ்தாவுக்கு நாங்களே விவரம் சொல்ல ஒரு வழி 2020-இல் ஒழுங்குபடுத்தப்பட்டது. ஆர்எஃப்சி 8805 என்ற ஆவணம் அது. பெரிய வித்தை ஒன்றும் இல்லை. காற்புள்ளிகளால் பிரித்த ஒரு சாதாரணக் கோப்பு. ஒரு வரியில் 203.0.113.0/24 என்பது போல எண் தொகுதி, அடுத்து நாட்டுக் குறியீடு, மாநிலக் குறியீடு, ஊர்ப்பெயர். அதை எங்கள் தளத்தில் வைத்து, பதிவேட்டில் அதற்கு ஒரு சுட்டி கொடுத்தால், தரவுத்தளக்காரர்கள் வந்து படித்துக்கொள்வார்கள். படிக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. எப்போது படிப்பார்கள் என்றும் கணக்கில்லை.

மாட்டுங்கா எண்களுக்கு அன்றே நான்கு வரி எழுதி வைத்தேன். பதிவேட்டின் நாட்டுக் குறியீட்டை மாற்றச் சொல்லி உரிமையாளருக்கு ஒரு மின்னஞ்சல். தெரிந்த தரவுத்தள நிறுவனங்களுக்கெல்லாம் திருத்தப் படிவம், ஒவ்வொன்றிலும் அதே கேள்விகள். இரண்டு நிறுவனங்கள் மூன்றாம் நாளே திருத்தின. கிரிக்கெட் செயலி கேட்கும் நிறுவனம் பன்னிரண்டாம் நாள் திருத்தியது. அதுவரை மாமாவுக்கு மட்டும் எங்களிடம் மிச்சமிருந்த பழைய மும்பை எண் ஒன்றைத் தனியாகக் கட்டிக் கொடுத்திருந்தேன். செயலி சரியானதும் மற்றவர்களோடு சேர்த்துப் புதிய தொகுதிக்கே மாற்றினேன்.

ஜனவரி நடுவில் அவரே அழைத்தார். ஆட்டம் தெளிவாகத் தெரிகிறதாம், நன்றி சொல்லத்தான் அழைத்தாராம். பிறகு தயங்கி, "டிவியின் மூலையில் வெயில், மழை காட்டும் ஒரு கட்டம் இருக்கிறதே தம்பி, அது மட்டும் இன்னும் அங்கேயே இருக்கிறது" என்றார். அந்தக் கட்டம் கேட்கும் தரவுத்தளம் எதுவென்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

"என்ன காட்டுகிறது மாமா?"

"புகாரெஸ்ட், மைனஸ் இரண்டு. பனி விழுகிறதாம். இங்கே நான் ஃபேனை ஐந்தில் வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்."